வண்டி நிழலில் சிங்கம்

நைரோபியில் சுற்றுலா வண்டி ஓட்டுகிற எவனும் சிங்கத்தைக் கண்டுவிட்டுச் சும்மா இருக்க மாட்டான். கண்ட கையோடு வயர்லெஸ்ஸை எடுத்து மற்றவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். எங்கும் எழுதி வைக்காத சட்டம் இது. இன்றைக்கு நீ சொன்னால் நாளைக்கு வேறொருவன் உனக்குச் சொல்வான். சொல்லாமல் அமுக்கியவன் அகப்பட்டால் அவ்வளவுதான், ஆறு மாதத்துக்கு ஒருவரும் அவனோடு பேச மாட்டார்கள். அவன் தன் விருந்தாளிகளுக்கு நெருப்புக்கோழியின் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

தேயூரி அமுக்குகிற ஆள் இல்லை. பதினாறு வருஷமாக அதே வனப்பூங்காவில் ஓட்டுகிறான். சிங்கம் கண்ணில் பட்டால் முதலில் வயர்லெஸ், பிறகுதான் விருந்தாளிகள். அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான் செய்தான். காலை ஒன்பதரை மணி. ஒரு மரம்கூட இல்லாத அத்தி ஆற்றுச் சமவெளியில், மண் பாதைக்கு ஓரமாகவே சிங்கங்கள் படுத்திருந்தன.

"பெரிய தலை ரெண்டு, குட்டி நாலு. பாலத்தைத் தாண்டின உடனே," என்றான்.

சிங்கத்தின் பெயரை ஸ்வாஹிலியில் சொன்னால் இப்போதெல்லாம் வெள்ளைக்காரக் குழந்தைக்கும் புரிந்துவிடுகிறது. போய்ச் சேர்வதற்குள் அது எழுந்து போயிருந்தால் விருந்தாளிகளின் முகம் தொங்கிப்போகும். அதனால் ஓட்டுநர்களுக்குள் அதற்குப் பெரிய தலை என்று பெயர். வயர்லெஸ்ஸில் முதலில் பதில் சொன்னவன் அவனுடைய கூட்டாளி ஒக்கேயோ.

"உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்யா. காலையிலேருந்து மான் மான்னு காட்டி எனக்கே மானைக் கண்டா பிடிக்காமப் போச்சு."

இருபது நிமிஷத்தில் பதினான்கு வண்டிகள் வந்து சேர்ந்துவிட்டன. பாதையோ ஒரு வண்டி அகலம். இரண்டு பக்கமும் போன வார மழையில் ஊறிய கரிசல் மண். பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பது சட்டம், இறங்கினால் அச்சுவரை புதையும் என்பது அனுபவம். முன்னால் ஏழு வண்டி, பின்னால் ஏழு வண்டி, நடுவில் தேயூரி. பந்தியில் நடுவில் உட்கார்ந்தவன் மாதிரி, மற்றவர்கள் எழுந்தால்தான் அவன் எழ முடியும். அப்போது அவனுக்கு அது ஒரு பொருட்டாகவும் இல்லை. அவனுடைய விருந்தாளிகள் சந்தோஷமாக இருந்தார்கள், அது போதும்.

விருந்தாளிகள் இருவர். நார்வேயிலிருந்து வந்த ஸ்டைனார் என்ற கிழவர், அவர் மனைவி சிக்ரித். கிழவர் தீயணைப்புப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே ஒரு பகல் நைரோபியில் தங்கி, இரவு விமானம் ஏறப்போகிறவர்கள். இப்படி வருகிறவர்களுக்கென்றே கம்பெனி ஒரு திட்டம் வைத்திருந்தது: காலையில் காடு, மதியம் கலாசாரம், மாலையில் நவீன வாழ்க்கை. காடு என்றால் இது. கலாசாரம் என்றால் இரண்டரை மணிக்கு நடக்கும் நாட்டியம். நவீன வாழ்க்கை என்றால் ஏழு மாடிக் கடைவளாகத்தில் காப்பியும் சுட்ட ஆட்டிறைச்சியும். இதை எழுதியவன் நைரோபியில் ஒரு நாளாவது பஸ்ஸுக்கு நின்றிருப்பானா என்று ஓட்டுநர்கள் சிரிப்பார்கள்.

தேயூரிக்கு அன்று காடு மட்டும்தான். பன்னிரண்டு மணிக்கு வண்டியை வேறொருவன் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அவன் மகள் கதோனிக்கு மூன்று மணிக்கு இருதயத்தில் ஆபரேஷன். லீவு போட்டிருக்கலாம். காலையிலிருந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைவிட வண்டி ஓட்டுவது மேல் என்று அவனேதான் வந்தான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. பிற்பாடு அவன் மாய்ந்து மாய்ந்து போனதும் அதை நினைத்துத்தான்.

ஒன்பது ஐம்பதுக்குப் போன் வந்தது. அவன் மனைவி வைரிமு.

"கதோனி அப்பா, நேரத்தை மாத்திட்டாங்க. மொதல்ல போக வேண்டிய புள்ளைக்குக் காய்ச்சலாம். பதினொன்னரைக்கு இவளை உள்ள கூட்டிட்டுப் போறாங்க. நீங்க உடனே கிளம்புங்க."

வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான். எல்லா வண்டியிலும் கூரை தூக்கி, தலைகள் வெளியே நீண்டு, கேமராக்கள் சிங்கத்தின் மேல் இருந்தன.

கதோனிக்கு ஒன்பது வயது. முதல் பெண்ணுக்குத் தகப்பனைப் பெற்றவளின் பெயரை வைப்பது கிகூயு வழக்கம். பெயர் வைப்பதோடு முடிவதில்லை, அந்தப் பிள்ளை அம்மாவேதான். தேயூரி அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவான். அவளும் தன் பதவியை விட்டுக்கொடுக்காமல் அவனை மகனே என்பாள். வேலையிலிருந்து வந்தால் "சாப்பிட்டியா மகனே?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். அவன் சட்டையில் பொத்தான் அறுந்திருந்தால் திட்டுவாள். தெரு முழுக்கச் சிரிக்கும். அவன் ஒரு நாள்கூட அவளிடம் குரலை உயர்த்தியதில்லை. அவளிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. பெற்றவளிடம் எப்படிச் சொல்வது?

அந்த அம்மாவுக்கு இருதயத்தில் ஓட்டை. எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த நாள் இது. வெளிநாட்டு டாக்டர்கள் இந்த ஒரு வாரம் மட்டும் வந்திருந்தார்கள், இதைத் தவறவிட்டால் மறுபடி எப்போது என்று யாரும் சொல்லவில்லை. முந்தின நாள் சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "நீ வந்து என் கையப் புடிச்சாத்தான் நான் உள்ள போவேன் மகனே. இல்லேன்னா போக மாட்டேன். அழுதும் காட்டுவேன்." அவன் சத்தியம் செய்து கொடுத்திருந்தான்.

அவன் வயர்லெஸ்ஸை எடுத்தான். வழக்கமான கிண்டலையெல்லாம் விட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னான். மகளுக்கு ஆபரேஷன், நேரம் மாறிவிட்டது, பத்தரைக்குள் இங்கிருந்து கிளம்பினால்தான் போய்ச் சேர முடியும். முதலில் வந்தது ஒக்கேயோவின் குரல்.

"கேட்டீங்கல்ல எல்லாரும்? கடைசி வண்டியிலேருந்து ரிவர்ஸ் எடுங்க. எவனாவது இன்னும் ஒரு போட்டோன்னு சொன்னா அவன் ஆளுங்களை நானே வந்து எறக்கி விடுவேன்."

எடுத்தார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும், ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. விருந்தாளிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், ஓட்டுநர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. பின்னால் இருந்த ஏழும் கரிசலில் சக்கரம் வழுக்க வழுக்கப் பின்னோக்கிப் போயின. முன்னால் இருந்தவை மேட்டைத் தாண்டிப் போய் வழி விட்டன. பத்து இருபதுக்குப் பாதை காலி. தேயூரிக்குக் கண் கலங்கிவிட்டது. கை சாவியைத் தொட்டது.

ஆனால் சிங்கங்களை யாரும் கேட்கவில்லை. வெயில் ஏறியதும் அவை முன்னால் நின்ற வண்டிகளின் நிழலில் படுத்திருந்தன. வண்டி நகர்ந்ததும் எழுந்து அடுத்த வண்டியின் நிழலுக்குப் போயின. அதுவும் நகர்ந்ததும் அதற்கு அடுத்தது. கடைசியில் அந்தப் பொட்டல் வெளியில் ஒரே ஒரு நிழல்தான் மிச்சம் இருந்தது. பெரிய சிங்கம் ஒன்று தேயூரியின் கதவோரமாக வந்து, முன்சக்கரத்தில் முதுகைச் சாய்த்துப் படுத்தது. இன்னொன்று பின்சக்கரத்தண்டை. குட்டிகள் அங்கே இங்கே முகர்ந்து பார்த்துவிட்டு, வண்டிக்கு அடியில் நுழைந்துகொண்டன. எல்லாரும் சேர்ந்து செய்த நல்ல காரியம் இப்படி வந்து முடிந்தது.

"இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாதே," என்று வயர்லெஸ்ஸில் வனக்காவலர் சொன்னார். சொல்லாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். அடியில் குட்டி, ஒரு கை தூரத்தில் தாய். வண்டி ஓர் அங்குலம் உருண்டால் நாலு குட்டியில் ஒன்றாவது நசுங்கும். நசுங்கினால் அந்தத் தாய் என்ன செய்யும், கூரை திறந்த வண்டியில் நிற்கிற இரண்டு கிழங்கள் என்ன ஆகும் என்பதை யோசிக்கவே முடியவில்லை.

அவன் விருந்தாளிகளிடம் உண்மையைச் சொன்னான். சிக்ரித் கேமராவைக் கீழே வைத்துவிட்டார். அதற்கு முன் எடுத்த படங்களுக்காக வெட்கப்பட்டவர் மாதிரி அதைப் பைக்குள் போட்டு மூடினார். ஸ்டைனார் எழுந்து நான்கு பக்கமும் பார்த்தார். வேறு வண்டியைப் பக்கத்தில் ஒட்டி நிறுத்தச் சொல்லி, இந்தக் கூரையிலிருந்து அந்தக் கூரைக்குத் தாண்டிவிட்டால் என்ன என்று கேட்டார். தன்னால் கை கொடுக்க முடியும் என்றார். தேயூரி அதை வயர்லெஸ்ஸில் கேட்டான்.

வனக்காவலர் அதற்குள் ஜீப்பில் வந்து இருநூறு அடி தள்ளி நின்றிருந்தார். "நீ கூரையில ஏறி அது பாஞ்சா நான் அதைச் சுடணும். சுட்டது படலேன்னா உன்னைத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போகணும். ரெண்டுமே என்னால ஆகாதுப்பா. உக்காரு," என்றார். குரலில் அதட்டல் இல்லை. அவருக்கும் பிள்ளைகள் இருக்கும்.

ஒக்கேயோ சும்மா இருக்கவில்லை. தன் வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து முப்பது அடியில் குறுக்காக நிறுத்தினான், பெரிய நிழல் விழுகிற மாதிரி. "வாங்கம்மா, மகராசி, எங்கிட்டயும் நிழல் இருக்கு. அவனை விட என் வண்டி புதுசு," என்று வயர்லெஸ்ஸில் கெஞ்சினான். முன்சக்கரத்துச் சிங்கம் தலையைத் தூக்கி அந்தப் புது வண்டியைப் பார்த்தது. கொட்டாவி விட்டது. மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டது.

மணி பத்தே முக்கால் ஆனது. பதினொன்று ஆனது.

அந்தப் பூங்காவில் சிங்கத்தின் காதுக்கு மேலே நகரத்துக் கட்டடங்கள் தெரியும். அதைப் படம் எடுக்கத்தான் உலகமே வருகிறது. இடது கோடியில் சாம்பல் நிறத்தில் உயரமாக நிற்பதுதான் ஆஸ்பத்திரி. பதினாறு வருஷமாக அது அங்கேதான் நிற்கிறது, அவன் அதை ஒரு நாளும் பார்த்ததில்லை. இன்றைக்கு அதைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. அவன் பார்வை போகிற இடத்தைக் கவனித்த ஸ்டைனார் தன் தொலைநோக்கியை நீட்டினார். தேயூரி வாங்கிப் பார்த்தான். ஜன்னல்கள் தெரிந்தன. கதோனி இருக்கிற ஐந்தாவது மாடியைக் கீழிருந்து எண்ணிக் கண்டுபிடித்தான். ஒரு ஜன்னலில் துண்டு உலர்ந்தது. எந்த ஜன்னல் அவளுடையது என்று தெரியவில்லை. கண்ணுக்கு எட்டுகிற இடத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு, காலால் எட்ட முடியாமல் இப்படி உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறதே. யாரை நோவது? வழி விட்டவர்களையா, நிழல் தேடி வந்த மிருகத்தையா? யார் மேலும் தப்பு இல்லை. தப்பு செய்தவன் ஒருவன் இருந்திருந்தால் அவனைத் திட்டியாவது கொஞ்சம் மூச்சு விட்டிருப்பான்.

"பூட்டின கதவுன்னா ஒடைப்பேன். நாப்பது வருஷம் அதைத்தான் செஞ்சேன்," என்று கிழவர் மெல்லச் சொன்னார். "இங்க ஒடைக்க ஒண்ணுமே இல்லையே."

பதினொன்று இருபதுக்கு மறுபடி போன். வைரிமு அழுதுகொண்டிருந்தாள். ஆட்கள் தள்ளுகட்டிலோடு வந்துவிட்டார்கள். கதோனி கட்டிலின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். அழுது அழுது உதடு நீலம் பூத்துவிட்டது, இப்படி அழ விடக் கூடாது என்று நர்ஸ் பயப்படுகிறாள். இன்னும் பத்து நிமிஷம்தான் பார்ப்பார்களாம், அதற்குள் வராவிட்டால் அடுத்த பிள்ளையைக் கூட்டிப்போய்விடுவார்களாம். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். அவன் இருக்கிற இடத்தைச் சொன்னான்.

"போனை அவகிட்டக் குடு," என்றான்.

நைரோபியில் எவனையாவது போனில் எங்கே இருக்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள். குளித்துக்கொண்டிருப்பவன்கூட இதோ முக்குக்கு வந்துவிட்டேன் என்பான். கேட்கிறவனும் அதை நம்ப மாட்டான், சொல்கிறவனும் நம்பச் சொல்ல மாட்டான். ஊர் முழுக்க அந்தப் பொய்யில்தான் ஓடுகிறது. தேயூரியும் கம்பெனி முதலாளியம்மாவிடம் தினம் இரண்டு தடவை சொல்லுவான். கதோனியிடம் மட்டும் சொன்னதில்லை. அவளிடம் வண்டி எங்கே நிற்கிறதோ அதைத்தான் சொல்லுவான், அவளும் அதை வைத்துக் கணக்குப் போட்டுக் கதவண்டை வந்து நிற்பாள்.

"எங்க இருக்க?" என்றாள் அவள். மூச்சு இரைத்தது.

"இதோ வந்துட்டேன்மா. கீழ கேட்டுல இருக்கேன்."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். லிப்டுக்குப் பெரிய வரிசையா இருக்கு. நீங்க மொதல்ல போங்க. நான் பின்னாலயே ஓடி வந்து, அந்தக் கதவுகிட்ட உங்க கையப் புடிச்சுக்கறேன்."

அவள் யோசித்தாள். அந்த யோசனை நேரத்தில் அவன் காலடியில், தகரத்துக்கு அந்தப் பக்கம், ஒரு குட்டி எதையோ கடித்து இழுக்கிற சத்தம் கேட்டது.

"கேட்டுல மாங்கா விக்கிற அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"மொளகாப்பொடி தூவி ஒண்ணு வாங்கிட்டு வா. இப்பத் திங்கக் கூடாதாம். எந்திரிச்சதும் திங்கறேன்." பிறகு போனை யாரிடமோ கொடுத்தபடியே, "எம் மகன் வந்துட்டான், கம்பிய விட்டுட்டேன்," என்று பெருமையாகச் சொல்வது கேட்டது. போன் அணைந்தது.

தேயூரி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். பதினாறு வருஷத்தில் விருந்தாளிகள் முன்னால் அவன் அழுதது அது ஒரு தடவைதான். அவன் பேசிய பாஷை சிக்ரித்துக்குத் தெரியாது. ஆனாலும் பின்னாலிருந்து கை நீட்டி அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். சிங்கம் அந்த அழுகைக்குக் காதை மட்டும் ஒரு தரம் அசைத்தது.

பதினொன்று நாற்பதுக்குக் குட்டி ஒன்று வெளியே வந்து தாயின் வாலைக் கடித்தது. தாய் எழுந்தது, சோம்பல் முறித்தது, புல்லுக்குள் நடந்தது. மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அவ்வளவுதான். யாரும் விரட்டவில்லை, யாரும் கெஞ்சவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதே புத்தி வந்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? வனக்காவலர் கையைக் காட்டினார். வண்டி கிளம்பியது. பாதையோரம் கிளை பிரிகிற இடங்களிலெல்லாம் வண்டிகள் ஒதுங்கி நின்றன. ஓட்டுநர்கள் யாரும் ஹார்ன் அடிக்கவில்லை, தொப்பியைக் கழற்றிக்கொண்டு பார்த்தார்கள். அதைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

நாட்டியமும் வேண்டாம், கடைவளாகமும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்கு விடு என்று ஸ்டைனார் சொல்லிவிட்டார். நகரத்துக்குள் நுழைந்ததும் வழக்கமான நெரிசல். கேட்டருகே வந்தபோது மணி பன்னிரண்டரை. வண்டியை வாங்கிக்கொள்கிறவனை அங்கேயே வரச் சொல்லியிருந்தான். லிப்டுக்கு ஓட வேண்டியவன் நின்றான். மாங்காய்க்காரியிடம் ஒன்று வாங்கி, மிளகாய்ப்பொடியை நிறையத் தூவச் சொன்னான். கதோனியிடம் சொன்ன அத்தனையிலும் இனி நிஜமாக்க முடிந்தது அது ஒன்றுதான்.

ஐந்தாவது மாடியில், மூடிய இரட்டைக் கதவுக்கு எதிரே பெஞ்சில் வைரிமு உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அவனைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டான்.

"நாலஞ்சு மணி நேரம் ஆகும்னாங்க. வேற எதுவும் சொல்லல."

"அழுதாளா?"

"இல்ல. சிரிச்சுக்கிட்டேதான் போனா." வைரிமு தோளில் போட்டிருந்த துணியால் மூக்கைத் துடைத்தாள். "ஆனா லிப்டுக் கதவு தொறக்கறப்பெல்லாம் தலையத் தூக்கித் தூக்கிப் பாத்தா. மூணு தடவை தொறந்துச்சு. மூணு தடவையும் பாத்தா. அப்புறம் உள்ள கொண்டுபோயிட்டாங்க."

தேயூரி கையில் இருந்த மாங்காய்ப் பொட்டலத்தைப் பார்த்தான். தாள் நனைந்து விரலில் ஒட்டிக்கொண்டது.

"எந்திரிச்சா என்ன சொல்லுவீங்க அவகிட்ட?" என்று வைரிமு கேட்டாள்.

"எந்திரிச்சுக் கேக்கட்டும்," என்றான் அவன். "பொய் சொன்னியாடான்னு கேக்கட்டும். திட்டட்டும், அடிக்கட்டும், பேச மாட்டேன்னு சொல்லட்டும். எந்திரிக்கட்டும் வைரிமு, அது போதும்."

கதவுக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மணி பன்னிரண்டே முக்கால்கூட ஆகவில்லை.